தேர்தல் வந்தால் மனு வாங்க ஆளில்லை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வட்டாரத்தில் முப்பது நாற்பது வருடத் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. நிவாரணம் வரவில்லை என்று மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள், ஆறுதல் சொல்ல வந்த அமைச்சர்களின் கார்களை மறித்தார்கள். இதெல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். அன்றைக்கு டெல்டாவின் இரண்டு மாவட்டத் தலைநகரங்களுக்கு எம்.எல்.ஏ.வே கிடையாது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? தஞ்சாவூர் தொகுதி காலி. திருவாரூர் தொகுதியும் காலி.

திருவாரூர் காலியானது மு.கருணாநிதி 2018 ஆகஸ்ட் 7-ம் தேதி மறைந்ததால். அதற்கு 2019 ஜனவரி 28-ல் இடைத்தேர்தல் என்று தேர்தல் ஆணையம் அறிவித்தது. புயலில் கூரை போன வீடுகளுக்கு அப்போதும் நிவாரணப் பொருள் போய்க்கொண்டிருந்தது. தேர்தல் நடத்தை விதிகள் வந்தால் அதை எப்படிக் கொடுப்பது? இப்போது தேர்தல் வேண்டாம் என்று கட்சிக்காரர்களே கேட்டார்கள். ஜனவரி 7-ம் தேதி அறிவிப்பு ரத்தானது. ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு சேர்த்துத்தான் ஓட்டுப்பதிவு நடந்தது.

தஞ்சாவூர் கதை இன்னும் நீளம். 2016 மே 16-ம் தேதி தமிழ்நாடே ஓட்டுப் போட்டபோது தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் மட்டும் போடவில்லை. பணப் பட்டுவாடா அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று ஆணையம் தேர்தலைத் தள்ளிவைத்தது, அப்புறம் இன்னொரு முறை தள்ளிவைத்தது, கடைசியில் மே 28-ல் அறிவிக்கையையே ரத்து செய்தது. பணம் விளையாடியதற்காக ஒரு சட்டமன்றத் தேர்தலையே ரத்து செய்தது இந்தியாவில் அதுதான் முதல் முறை. மறுபடி தேர்தல் நடந்தது நவம்பர் 19-ல். பெரிய கட்சிகள் பழைய வேட்பாளர்களையே நிறுத்தின. (பண மதிப்பிழப்பு அறிவிப்பு வந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. ஏ.டி.எம். வரிசையில் நின்றவர்கள் அன்று ஓட்டுச்சாவடி வரிசையிலும் நின்றார்கள்.) வென்ற அ.தி.மு.க. வேட்பாளர், கட்சி உடைந்தபோது டி.டி.வி.தினகரன் பக்கம் போனார். 2017 செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்த 18 பேரில் அவரும் ஒருவர். அடுத்த எம்.எல்.ஏ. வந்தது 2019 மே மாதத்தில். கூட்டிப் பாருங்கள்: மூன்று வருடத்தில் தஞ்சாவூர்த் தொகுதிக்கு எம்.எல்.ஏ. இருந்தது சுமார் பத்து மாதம்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. அந்த மூன்று வருடத்தில் எம்.எல்.ஏ. இல்லையே என்று ஊரில் யாரும் தேடியதாகத் தெரியவில்லை. ரேஷன் கடை திறந்தது, பஸ் ஓடியது, நடக்காத வேலைகள் வழக்கம்போல் நடக்காமலே இருந்தன. ஆள் இல்லாததே தெரியாத ஒரு நாற்காலிக்காகத்தான் இத்தனை வேன், இத்தனை ஒலிபெருக்கி, இத்தனை பணமா என்று ஒரு சாதாரண வாக்காளனுக்குத் தோன்றினால் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த எரிச்சல் வெறுமனே ‘எல்லாரும் திருடங்கதான்’ என்று டீக்கடையோடு முடிந்துவிடுகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

வேனில் பேசுவதும் ஊரில் கேட்பதும்

எங்கள் பக்கம் கோரையாற்றுப் பாசனம். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பிரிந்து வருகிற ஆறு. ஒரு தேர்தலின்போது திறந்த வேனில் வந்த வேட்பாளர் ஒருவருக்கு ஆரத்தி எடுத்து முடித்த கையோடு ஒரு பாட்டி தட்டைக் கீழே வைக்காமலே கேட்டார்: “தம்பி, சுடுகாட்டுக்குப் போற வழியில வாய்க்காலுக்கு ஒரு பாலம் போட்டுக் குடுங்கய்யா. கார்த்திகை மாசம் யாராச்சும் செத்துப்போனா இடுப்பளவு தண்ணியில தூக்கிட்டுப் போறோம்.” வேட்பாளர் கும்பிட்டார். பிறகு மைக்கில் பேசினார். காவிரி உரிமையை மீட்டது யார், விட்டுக்கொடுத்தது யார் என்று பத்து நிமிடம். மீத்தேன் திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று ஐந்து நிமிடம். பாலம் பேச்சில் வரவே இல்லை. தட்டில் பணம் விழுந்தது, வேன் கிளம்பியது.

அவர் பேசியது பொய் என்று சொல்ல வரவில்லை. காவிரி இங்கே உயிர்ப் பிரச்சினைதான். ஆனால் அதை யார் முடிவு செய்கிறார்கள்? 1990-ல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்தது: தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு 419 டி.எம்.சி., அதில் கர்நாடகம் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் விட வேண்டியது 192. அதை அரசிதழில் போடவே 2013 ஆனது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் 192-ஐ 177.25 ஆகக் குறைத்தது. அந்த வருடம் ஜூனில் மேலாண்மை ஆணையம் வந்தது. மாதாமாதம் எவ்வளவு விட வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது: ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24. அது நடக்கிறதா என்று பார்ப்பது அந்த ஆணையம். வழக்கு நடத்துவதும் மேட்டூரை என்றைக்குத் திறப்பது என்று முடிவெடுப்பதும் மாநில அரசு. இந்தச் சங்கிலியில் மன்னார்குடிக்கோ திருத்துறைப்பூண்டிக்கோ ஜெயிக்கப்போகும் எம்.எல்.ஏ. எந்தக் கண்ணியிலும் இல்லை. அவர் மனசு வைத்தாலும் ஒரு டி.எம்.சி. கூட வராது, வைக்காவிட்டாலும் குறையாது.

எரிவாயுவும் அப்படித்தான். எண்ணெய், எரிவாயு எடுக்கும் பகுதிகளை ஏலம் விடுவது மத்திய அரசு. மாநில அரசு ஒத்துழைக்காமல் நிலத்தில் துளை போட முடியாது. 2011 ஜனவரியில் மீத்தேன் நிறுவனத்தோடு தி.மு.க. அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டது. 2013-ல் ஜெயலலிதா நிறுத்திவைத்தார். 2020 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. மேடையில் இரண்டு பக்கமும் இதில் பாதியைத்தான் சொல்லும்.

நெல் ஈரப்பதம் இன்னொன்று. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அறுவடை நேரத்தில் மழை பிடித்துவிட்டால் களத்தில் கொட்டிய நெல் முளைவிடும். வரம்பைத் தளர்த்த மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும், அப்புறம் உத்தரவு வர வேண்டும். ஆனால் கொள்முதல் நிலையத்தை எந்த ஊரில் திறப்பது, சாக்கு இருக்கிறதா, தார்ப்பாய் இருக்கிறதா, எடுத்த மூட்டையை ஏற்ற லாரி வருகிறதா, மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வாங்குகிறார்களே அதைத் தடுக்க ஆள் உண்டா? இதற்கெல்லாம் டெல்லி வேண்டாம். ஒரு எம்.எல்.ஏ. தினமும் காலையில் இரண்டு போன் போட்டாலே பாதி சரியாகும். பிரச்சாரத்தில் இதைப் பற்றி யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

பேச மாட்டார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. 177.25 டி.எம்.சி. வாங்கித் தருவேன் என்றால் நாளைக்கு யாரும் அவரைப் பிடித்துக் கேட்க முடியாது. கர்நாடகத்தைக் காட்டலாம், டெல்லியைக் காட்டலாம், மழையைக் காட்டலாம். இந்த ஊர் வடிகாலை ஆவணிக்குள் வாரித் தருகிறேன் என்று சொன்னால் ஆவணி முடிந்ததும் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். பெரிய வாக்குறுதி பாதுகாப்பானது, சின்ன வாக்குறுதிதான் ஆபத்தானது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வேர்க்கடலை வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு இது புரியும். அங்கே மேம்பாலம் என்பது எத்தனையோ தேர்தல்களில் வந்து போன பேச்சு. தண்டவாளத்துக்கு மேலே ரயில்வே, இரண்டு பக்கச் சாலைக்கு மாநிலம் என்று பொறுப்பு பிரிந்திருப்பதால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொள்ள வசதியான இடம்.

காலண்டர் தின்கிற தூர்வாரல்

எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு விஷயம் தேர்தல் வரும் மாதம்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடுவார்கள், ஜூன் 12-ல் திறப்பார்கள். நடுவில் ஆறு காய்ந்து கிடக்கும். வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் நிற்கும், அதையும் எடுத்துவிட்டால் ஆடு மேயும். ஆற்றிலும் வாய்க்காலிலும் தூர்வார முடிகிற காலம் அதுதான். ஆகாயத்தாமரை, நெய்வேலி காட்டாமணக்கு, நாணல் எல்லாவற்றையும் பொக்லைன் விட்டு இழுத்துப் போட்டு, கரையை உயர்த்தி, மதகுக்குக் கிரீஸ் போட்டு முடிக்க ஏப்ரல், மே இரண்டு மாதமும் முழுசாக வேண்டும். தமிழ்நாட்டில் தேர்தல் வருவது எப்போது? சட்டமன்றமோ மக்களவையோ, சொல்லி வைத்தாற்போல் அதே ஏப்ரல், மே.

தேதி அறிவித்த நிமிடத்திலிருந்து நடத்தை விதிகள் அமலுக்கு வருகின்றன. புதிய திட்டம் அறிவிக்கக் கூடாது. வேலை உத்தரவே கொடுத்திருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தொடங்கக் கூடாது. நடந்துகொண்டிருப்பது மட்டும் நடக்கலாம். விதி நியாயமானதுதான், ஆளுங்கட்சி கடைசி நேரத்தில் ரோடு போட்டு ஓட்டு வாங்கக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் டெல்டாவில் அது மெஷின் இறங்க வேண்டிய வாரங்களின் மேல் போய் உட்காருகிறது. ஆணையத்திடம் அனுமதி கேட்டு அவசர வேலைகளைச் செய்ய வழி உண்டு. கேட்க ஒரு அதிகாரி முன்வர வேண்டும், அவருக்கும் தேர்தல் பணி இருக்கும்.

2021-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 26-ல் அறிவிப்பு, ஏப்ரல் 6-ல் ஓட்டு, மே 2-ல் எண்ணிக்கை, மே 7-ல் புதிய அரசு. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் தூர்வார சுமார் ரூ.65 கோடி ஒதுக்கி வேலையைத் தொடங்கும்போது ஜூன் 12 கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அணையும் அன்றைக்கே திறந்தது. அவசரத்தில் வாரினால் ஆற்றை வாருவார்கள், பெரிய வாய்க்காலை வாருவார்கள். வயலுக்குப் பக்கத்தில் இருக்கிற, சி, டி என்று சொல்லும் சின்ன வாய்க்கால்களும் வடிகால்களும் வாரப்படாமல் நின்றுபோகும். கரை ஓரத்தை மட்டும் சுரண்டிவிட்டுக் கணக்கு எழுதிவிட்டார்கள் என்ற புகார் எந்த வருடத்துக்கும் பொது; நாள் குறைந்த வருடத்தில் அதை சரிபார்க்கவும் நேரம் இருக்காது. வடிகால் விட்டுப்போனதன் பலன் ஜூனில் தெரியாது. ஐப்பசியில் நாலு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்யும்போது, நட்ட சம்பா மூழ்கி அழுகும்போது தெரியும். அப்போது பிரச்சார வேன் எங்கே இருக்கிறதோ!

2024 இன்னும் விசித்திரம். மார்ச் 16-ல் விதிகள் வந்தன. தமிழ்நாடு ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டது. ஆனால் நாடு முழுக்க ஏழு கட்டம். எண்ணிக்கை ஜூன் 4-ல், விதிகள் விலகியது ஜூன் 6-ல். விரலில் வைத்த மை அழிந்துபோன பிறகும் நாம் தேர்தல் காலத்திலேயே இருந்தோம். அந்த வருடம் மேட்டூரில் தண்ணீரே இல்லாததால் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள், அதனால் இந்தத் தாமதம் உறைக்கவில்லை. குறுவை போனதால் தூர்வாராத குறை மறைந்தது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

இதைவிட ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். மாதம் ஒரு முறை விவசாயிகள் குறைதீர் கூட்டம். நாலா மூலைகளிலிருந்தும் மக்கள் மஞ்சள் பையில் மனுவோடு வந்து நிற்கிற இடம். தேர்தல் அறிவிப்பு வந்ததும் இரண்டும் நிறுத்தம். வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள், மனுவை அதில் போட்டுவிட்டுப் போகலாம். எம்.எல்.ஏ. அலுவலகம் பூட்டப்பட்டிருக்கும். தேர்தல் விதிகள் நீடித்தால் மே 1 கிராம சபையும் தள்ளிப்போகும். ஊர் முழுக்க வேட்பாளர்கள் ‘உங்கள் குறை என்ன, உங்கள் குறை என்ன’ என்று கேட்டுக்கொண்டு வருகிற அதே இரண்டு மாதம்தான் குறையை எழுதி வாங்கி ரசீது கொடுக்கிற அத்தனை கவுண்ட்டரும் மூடியிருக்கிறது. அரசியல்வாதி கிடைப்பார், அரசாங்கம் கிடைக்காது. தேர்தல் முடிந்தால் தலைகீழ்.

இந்த நேரத்தில் ஏதாவது ஒரு ஊரில் ‘தேர்தல் புறக்கணிப்பு’ என்று பேனர் கட்டுவார்கள், கறுப்புக் கொடி ஏற்றுவார்கள். சாலைக்காக, பட்டாவுக்காக, பாலத்துக்காக. தாசில்தார் ஜீப்பில் வந்து பேச்சுவார்த்தை நடத்துவார். புதிதாக ஒரு வேலைக்கும் இப்போது உறுதி தர அவரால் முடியாது, விதிகள் விடாது. ‘தேர்தல் முடிந்ததும் நடவடிக்கை’ என்பதுதான் அவரால் சொல்ல முடிந்த ஒரே வாக்கியம். பேனர் இறங்கும். 2013-லிருந்து நோட்டா இருக்கிறது. அதற்கு எத்தனை ஓட்டு விழுந்தாலும் வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவர் ஜெயிப்பார், அதோடு சரி.

ஐந்தாவது வருட மழை

கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதே இல்லை என்பதும் முழு உண்மையில்லை. நிறைவேற்றுகிறார்கள், தேதி பார்த்து. கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ.12,110 கோடி தள்ளுபடி என்று அ.தி.மு.க. அரசு அறிவித்தது 2021 பிப்ரவரி 5-ல். தேர்தல் அறிவிப்புக்கு மூன்று வாரம் முன்னால். நெல்லுக்குக் குவிண்டால் ரூ.2,500 என்று தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் சொன்னது. அது கைக்கு வந்தது 2025 செப்டம்பரில், அடுத்த தேர்தலுக்குச் சில மாதம் முன்னால். நாலு வருடத்தில் உரமும் கூலியும் ஏறிய ஏற்றத்துக்கு அந்த 2,500 பழைய 2,500 இல்லை. ஐந்து பவுன் நகைக்கடன் தள்ளுபடியை நம்பி அவசரமாக நகையைக் கொண்டுபோய் வைத்தவர்கள் உண்டு. அப்புறம் நிபந்தனைகள் வந்தன, தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களே அதிகம். தேர்தல் அறிக்கையில் சொல்வது லஞ்சமாகாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத்துக்கு எங்கே போவீர்கள் என்று கட்சிகள் விளக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலைத் தேர்தல் ஆணையம் சேர்த்தது. அப்படி விளக்கிய அறிக்கை எதையும் நான் படித்ததில்லை.

கவர்

பணத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. வாக்காளர் பட்டியலை எடுத்துத் தெருத் தெருவாகப் பிரித்து, வீட்டுக்கு எத்தனை ஓட்டு, எந்தப் பையன் சென்னையில் இருக்கிறான், எந்தப் பெண் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய்விட்டது என்று கிளைச் செயலாளருக்கு விரல் நுனியில் தெரியும். அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்கு ரேஷன் கார்டு விட்டுப்போனவர்களைக் கண்டுபிடிப்பதில் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டப்படி ஓட்டுக்குப் பணம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரு வருடம் வரை சிறை. சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு ரூ.40 லட்சம். டீ, பிரியாணி, நாற்காலி வாடகைக்குக்கூட மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் போட்டு அந்தக் கணக்கில் ஏற்றுவார். ஆனால் கட்சி செய்கிற செலவுக்கு வரம்பே இல்லை. நட்சத்திரப் பேச்சாளர் ஹெலிகாப்டரில் வந்தால் அந்தப் பயணச் செலவு வேட்பாளர் தலையில் விழாது. அதே சமயம் மாடு விற்ற பணம் ரூ.50,000-க்கு மேல் ஆவணமில்லாமல் மடியில் இருந்தால் பறக்கும் படை பிடித்துவிடும்.

வாங்குகிறவர்களை நான் திட்டப் போவதில்லை. நடவு இல்லை, அறுப்பு இல்லை, கையில் காசு சுத்தமாக இல்லாத சித்திரை மாதத்தில் அது வருகிறது. ஆனால் அந்தக் கவர் கேள்வியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. வாய்க்காலைப் பற்றிப் பிறகு கேட்கப் போனால், ‘சும்மாவா போட்டீங்க?’ என்று உள்ளூர் ஆளே முகத்துக்கு நேராகச் சொல்வான். பணம் வாங்காதவனுக்கும் அதே பதில்தான், அவன் ஓட்டு தனியாகத் தெரிவதில்லையே.

யாரைக் கேட்டால் நடக்கும்?

அந்தப் பாட்டி கேட்ட பாலத்துக்கும், சி, டி வாய்க்காலுக்கும், தெருவிளக்குக்கும், குடிநீருக்கும் மிக அருகில் இருப்பவர் ஊராட்சித் தலைவர். அவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. காவிரியைப் பற்றிப் பேசித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் ஊரில் எவரும் அதை அவரிடம் கேட்கப் போவதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுத் திண்ணையில் போய்ப் பிடிக்கலாம். அவரும் ஒழுங்காக இருப்பார் என்று உத்தரவாதமில்லை. பணம் அங்கேயும் புழங்குகிறது, சாதியும் அங்கே இன்னும் கூர்மை. பட்டியல் சமூகத் தலைவர்களை நாற்காலியில் உட்காரவிடாத ஊராட்சிகள் தமிழ்நாட்டில் செய்தியானதும் உண்டு. ஆனாலும் கேள்வியும் பதில் சொல்ல வேண்டிய ஆளும் ஒரே தெருவில் இருப்பது அந்தத் தேர்தலில் மட்டும்தான்.

அந்தத் தேர்தல்தான் நாள் தவறாமல் நடப்பதில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு டெல்டாவில் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். நடுவில் மூன்று வருடம், தலைவர்களுக்குப் பதில் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. கஜா வந்தபோது தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் எம்.எல்.ஏ. இல்லை என்றேன். அன்றைக்கு டெல்டாவின் எந்தக் கிராமத்திலும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரும் இல்லை. 2019-ல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. உடனே தேர்தல் வரவில்லை, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். அவரவர் ஒன்றியத்தில் நாற்பது ஐம்பது ஊராட்சிகளையும் அவர்களேதான் பார்க்க வேண்டும், பாலம் கேட்டு மனு கொடுக்க வேண்டியதும் அவர்களிடம்தான்.